சோகநாசினிக் கரையில் ஒரு நம்பிக்கை

ஆபத்து வந்துற்றபோது இறைவனை நினையாதார் அரியர். நினைத்தபின் மனிதன் எவ்வாறு நின்றான் என்பதே வரலாறு நமக்குக் காட்டத்தக்க செய்தி. பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டாரம் இதற்கு நல்லதொரு சான்று தருகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையாகிய நெடுஞ்சுவரில் பாலக்காட்டுக் கணவாய் ஓர் அகன்ற வாயில். ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள அவ்வழியே வணிகர் வந்தனர், படைகளும் வந்தன. 1766-ஆம் ஆண்டில் ஹைதர் அலி பாலக்காட்டிலே கோட்டை எழுப்பியது இவ்வாயிலின் அருமையை உணர்ந்தே ஆகும்.

அக்கோட்டைக்கு நெடுங்காலம் முன்னரே கொங்கு வேந்தன் ஒருவன் இவ்வழியே படையெடுத்தான் என்பது ஐதிகம். அவன் ஓலை விடுத்துப் போருக்கு அழைத்தான். நாட்டார் சித்தூர்ப் பகவதியிடம் முறையிட்டனர். அன்னையே களம் புகுந்து கொங்கனை வீழ்த்தினாள் என்பர். அதன் நினைவாக ஆண்டுதோறும் கும்ப மாதத்தில், அதாவது நம் மாசியில், 'கொங்கன் படை' என்னும் விழா நடைபெறுகிறது. ஓலையை வாசித்தலும், போரை நடித்துக் காட்டுதலும் விழாவின் அங்கங்கள்.

இவ்விழாவில் நாம் கருதத்தக்கவை இரண்டு. முன்னோரை நடுங்கவைத்த ஓலையை மக்கள் இன்றும் எல்லாரும் கேட்க வாசிக்கின்றனர். தெய்வத்தை நம்பியவர்கள் ஆபத்தை மூடி மறைக்கவில்லை. மற்றொன்று இன்னும் அரியது. கதையிலே தோற்றவன் கொங்கன். ஆயினும் பெருமாட்டி முதலிய சித்தூர் வட்டத்து ஊர்களில் தமிழ் பேசுவோர் இன்றும் பலர் வாழ்கின்றனர். எல்லைக்கு இருபுறத்தாரும் உறவாலும் சந்தையாலும் பிணைந்தவர்கள். அன்னையின் வெற்றி அண்டை வீட்டாரிடையே பகையை வளர்க்கவில்லை.

இவ்வட்டாரத்தில் ஓடும் சித்தூர்ப்புழைக்குச் சோகநாசினி என்றும் பெயருண்டு. துயர் துடைப்பவள் என்பது பொருள். மழை குறைந்த இம்மண்ணுக்கு அப்பெயர் பொருத்தமே. 1970-ஆம் ஆண்டின் பரம்பிக்குளம் - ஆழியாறு உடன்படிக்கைப்படி, தமிழ்நாடு ஆண்டுதோறும் 7.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீரை இவ்வாற்றுக்கு விட வேண்டும். ஒரு காலத்தில் படை வந்த திசையிலிருந்தே இன்று உயிர்நீர் வருகிறது.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆபத்து வேறு வடிவில் தோன்றிற்று. பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில் 2000-இல் கோக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணறுகள் வற்றின, நீர் கெட்டது என்று ஊரார் முறையிட்டனர். 2002 ஏப்ரல் 22 அன்று பழங்குடி மக்கள் ஆலையின் முன்னே அறப்போர் தொடங்கினர். இரவாளர் குலத்து மயிலம்மா அவர்களுள் முன்னின்றார். 2003-இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. கல்வியும் செல்வமும் வாய்க்காத பெண்கள் வெயிலிலும் மழையிலும் அங்கே அமர்ந்திருந்தனர்.

பகவதியிடம் முறையிட்ட முன்னோரையும் பந்தலில் அமர்ந்த இப்பெண்களையும் ஒருசேர நினைக்கையில் நமக்கொன்று விளங்குகிறது. இறைநம்பிக்கை துன்பத்திலிருந்து ஓடி ஒளியும் இடமன்று. துன்பத்தின் எதிரே நிற்பதற்குக் கிடைக்கும் தரை. பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நாம், அறிமுகமில்லாத ஊரில் நோயோ வேலையிழப்போ நேருங்கால், முதலில் கைகூப்புகிறோம். கூப்பிய கையை அடுத்த கணமே அண்டை வீட்டாரிடம் நீட்டவும் நாம் கூசவேண்டியதில்லை. எந்த மொழி பேசுபவராயினும், அவரும் ஓர் அன்னையிடம் முறையிட்டவரே.