மரக்கோட்டைகளும் பீரங்கியும்: எல்லையரண்களின் வலிமை குறித்த ஒரு மறுமதிப்பீடு

வெடிமருந்து பரவியபின் மரக்கோட்டை பயனற்றுப் போயிற்று என்ற கருத்து பரவலாக நிலவுகிறது. ஆயினும் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சைபீரியாவிலும் வட அமெரிக்காவிலும் பேரரசுகள் தம் எல்லைகளைப் பெரும்பாலும் மரக்கோட்டைகளைக் கொண்டே காத்தன. இதை அறியாமை என்று ஒதுக்குவதற்கில்லை. மரக்கோட்டை தாங்குமா என்பதை இரண்டு காரணிகளே தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் வாதம். ஒன்று, கனமான பீரங்கியை அவ்விடத்துக்குக் கொண்டுவரப் பகைவனுக்கு வழி இருந்ததா என்பது. மற்றொன்று, மரத்தின் பின்னே எவ்வளவு மண் இருந்தது என்பது.

முதற் காரணிக்கு வில்லியம் ஹென்றி கோட்டை சான்று. ஜார்ஜ் ஏரியின் தென்முனையில் 1755இல் பிரிட்டிஷார் எழுப்பிய அதன் மதில், இருபுறமும் மரக்கட்டைகளை அடுக்கி நடுவே மண் நிரப்பியது. ஏறத்தாழ 30 அடி தடிப்புடையது. 1757 மார்ச்சில் உறைந்த ஏரியின்மீது நடந்து வந்த சுமார் 1,500 பேர் கொண்ட பிரெஞ்சுப் படையிடம் ஏணிகள் இருந்தன, பீரங்கிகள் இல்லை. வெளியே நின்ற படகுகளையும் கட்டடங்களையும் எரித்ததோடு அப்படை திரும்பிச் சென்றது. ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி மோங்கால்ம் ஏறத்தாழ 8,000 பேருடன், முற்றுகைப் பீரங்கிகளை ஏரிவழியே படகுகளில் ஏற்றி வந்தார். ஆகஸ்ட் 9 அன்று கோட்டை சரணடைந்தது. கோட்டைப் பீரங்கிகள் பல வெடித்துச் சிதைந்ததும், எட்வர்டு கோட்டையிலிருந்து உதவிப்படை வராததும் அம்முடிவை விரைவுபடுத்தின. எனினும் இரு தாக்குதல்களுக்கும் இடையே மதில் அதேதான். பீரங்கியின் வருகையே புதிது.

இரண்டாம் காரணியை ஆமூர் ஆற்றங்கரையின் அல்பாசின் காட்டுகிறது. 1685இல் சிங் பேரரசின் படை பீரங்கிகளுடன் சூழ்ந்தபோது, ரஷ்யரின் மரவேலிக் கோட்டை சில நாள்களே தாங்கியது. தளபதி தோல்புசின் சரணடைந்து வெளியேறினார். வென்றவர்கள் கோட்டையை எரித்துவிட்டு அகன்றதும் ரஷ்யர் அதே இடத்துக்குத் திரும்பி, இம்முறை தடித்த மண் மதிலை எழுப்பினர். 1686இல் தொடங்கிய இரண்டாம் முற்றுகையில் தோல்புசின் பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். ஆயினும் அவருக்குப் பின் பொறுப்பேற்ற பெய்ட்டன் தலைமையில் காவற்படை மாதக்கணக்கில் நிலைத்தது. அதன் பெரும்பகுதியை அழித்தது ஸ்கர்வி முதலான நோய்களே. பகைவரும் களமும் ஒன்றாயிருக்க, மதிலின் அமைப்பே விளைவை மாற்றியது.

இங்கே மூன்று மறுப்புகள் எழக்கூடும். மண்தான் காத்தது என்றால் மரத்துக்குப் பெருமை ஏது என்பது முதலாவது. மரம் சுற்றிப் பிடித்திருந்தால்தான் மண் சரியாமல் செங்குத்தாக நிற்கும். சுண்ணாம்பும் கற்தச்சரும் எட்டாத காட்டில் கோடரி ஏந்திய வீரர்களே அம்மதிலை எழுப்பிவிட முடியும். இரண்டாவது மறுப்பு நெருப்பைப் பற்றியது. 1763இல் வட அமெரிக்கப் பூர்வகுடியினர் பிரிட்டிஷாரை எதிர்த்த பாண்டியாக் போரில் சிறு கோட்டைகள் பல வீழ்ந்தன, சில எரிந்தன என்பது உண்மை. ஆனால் மிச்சிலிமாக்கினாக் சூழ்ச்சியால் வீழ்ந்தது. நீர்வழியே உணவும் ஆளும் வந்துசேர்ந்த டெட்ராய்ட் மரவேலியோடே மாதக்கணக்கில் தாங்கியது. விழிப்பும் வழங்கலும் இருந்த இடத்தில் மரம் எரியும் என்பது மட்டுமே வீழ்ச்சிக்குப் போதுமான காரணமாகவில்லை. மூன்றாவது, அமெரிக்க விடுதலைப் போரில் 1777இல் பிரிட்டிஷார் முற்றுகையிட்ட ஸ்டான்விக்ஸ் கோட்டையைக் காத்தது ஆர்னால்டின் உதவிப்படை நெருங்கிய செய்தியே, மதில் அன்று என்பது. ஆனால் அச்செய்தி வரும்வரை மூன்று வாரம் தாங்கி நின்றது மரமும் மண்ணுமான அந்த மதில்தான். காவற்படையினர் மரங்களை வெட்டி வீழ்த்தி ஓடைவழியை அடைத்திருந்தனர்; பிரிட்டிஷ் தளபதி செயின்ட் லெஜர் கொண்டுவந்த இலகுவான பீரங்கிகளால் மதிலைப் பிளக்க முடியவில்லை. எல்லைக்கோட்டையின் கடமை என்றென்றும் வெல்லப்படாமல் இருப்பதன்று. உதவி வரும்வரை காலம் ஈட்டித் தருவதே.

ஆகவே மரக்கோட்டையைக் கற்கோட்டையின் ஏழைப் பதிலியாகக் கருதுவது பிழை. பீரங்கி எளிதில் நகராத நிலத்தைக் கணக்கில் கொண்டு எழுந்த அரண் அது. அந்தக் கணக்கு சரியாயிருந்த இடங்களில் அது காத்தது. நீர்வழி பகைவனுக்குத் திறந்த இடங்களில் மண்ணின் துணையிருந்தும் அது வீழக்கூடும்; அத்துணையின்றி விரைவிலேயே வீழ்ந்தது. அரண் வரலாற்றை எழுதுவோர் மதிலை அளப்பதோடு நில்லாமல், அதை நோக்கி வந்த வழிகளையும் அளக்க வேண்டும்.