குத்துச்சண்டை வீரர்களின் உடல் எடை கூட்டல்

குத்துச்சண்டை வீரர்களின் உடல் எடை கூட்டல் என்பது, ஒரு வீரர் தாம் போட்டியிடும் எடைப் பிரிவிலிருந்து அதைவிட உயர்ந்த பிரிவுக்கு மாறுவதற்காக, உணவு மற்றும் பயிற்சியின் துணையுடன் தமது எடையைத் திட்டமிட்டு உயர்த்துவதைக் குறிக்கும். எடைமானியில் தெரியும் எண்ணை மட்டும் கூட்டுவது இதன் நோக்கமன்று. வேகமும் தாங்குதிறனும் குறையாமல் தசையின் அளவைக் கூட்டுவதே நோக்கமாகும். வளரும் பருவத்திலுள்ள அமெச்சூர் வீரர்களுக்கு இது விளையாட்டு தொடர்பான சிக்கலாக மட்டுமன்றி, உடல்நலம் தொடர்பான சிக்கலாகவும் அமைகின்றது.

எடைப் பிரிவுகள்

குத்துச்சண்டையில் போட்டியாளர்கள் எடையின் அடிப்படையில் பிரிக்கப்படுகின்றனர். 2024 பாரிசு ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 51, 57, 63.5, 71, 80, 92 கிலோகிராம் மற்றும் 92 கிலோகிராமுக்கு மேல் என ஏழு பிரிவுகளும், பெண்களுக்கு 50, 54, 57, 60, 66, 75 கிலோகிராம் என ஆறு பிரிவுகளும் இருந்தன. இங்கு குறிப்பிடப்படும் எண் அப்பிரிவின் மேல் எல்லையாகும்.

ஒலிம்பிக்கில் உள்ள பிரிவுகள் உலக வாகையர் போட்டிகளில் உள்ளவற்றைவிடக் குறைவு. எனவே இடைப்பட்ட எடையுள்ள வீரர் ஒருவர் எடையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டிய நிலை ஏற்படுகின்றது. இதைத் தவிர, 15 முதல் 18 அகவை வரையுள்ளோர் உயரமாக வளர்வதால், பழைய பிரிவிலேயே நீடிக்க முடியாமல் போவதும் இயல்பானதாகும்.

ஆற்றல் சமநிலை

உடல் செலவிடும் ஆற்றலைவிட உணவின் மூலம் கிடைக்கும் ஆற்றல் மிகுந்தால் எடை கூடும். குத்துச்சண்டைப் பயிற்சியில் ஓட்டம், கயிறு தாண்டுதல், மணல் பை குத்துதல், இணையுடன் மோதிப் பழகுதல் ஆகியவை அடங்குவதால் ஆற்றல் செலவு மிக அதிகம். "எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு ஏறவில்லை" என்று கூறும் இளம் வீரர்களில் பலர், உண்மையில் செலவுக்கு ஈடாக உண்பதில்லை.

பொதுவாக நாளொன்றுக்கு 300 முதல் 500 கிலோகலோரி வரை மிகுதியாக உண்பது பரிந்துரைக்கப்படுகின்றது. வாரத்திற்கு கால் கிலோ முதல் அரை கிலோ வரை எடை கூடுவது ஏற்ற வேகமாகும். இதனினும் விரைவாகக் கூடும் எடையில் கொழுப்பின் பங்கு மிகும். கொழுப்பு குத்தின் வலிமையைக் கூட்டாது. ஆனால் மூன்று சுற்றுகளிலும் அதைச் சுமந்தே ஆடவேண்டும்.

ஊட்டச்சத்துக்கள்

புரதம்: தசை வளர்ச்சிக்கு அடிப்படையானது. எடை கூட்டும் வீரருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 1.6 முதல் 2 கிராம் வரை போதுமானது. இதை ஒரே வேளையில் உண்ணாமல் நான்கைந்து வேளைகளாகப் பிரித்து உண்பது நல்லது. சில உணவுகளில் உள்ள புரதத்தின் தோராயமான அளவு:

* கோழி முட்டை (ஒன்று) - 6 கிராம்
* பால் (200 மில்லிலிட்டர்) - 6 முதல் 7 கிராம்
* நிலக்கடலை (100 கிராம்) - 25 கிராம்
* கொண்டைக்கடலை (வேகவைக்காதது, 100 கிராம்) - 19 கிராம்
* தோல் நீக்கிச் சமைத்த கோழி நெஞ்சுக்கறி (100 கிராம்) - 30 கிராம்
* உலர்ந்த சோயாத் துண்டுகள் (100 கிராம்) - 50 கிராம்

மாவுச்சத்து: கடும் பயிற்சிக்கான முதன்மை எரிபொருள். இது தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோசனாகச் சேமிக்கப்படுகின்றது. நாளொன்றுக்கு ஒன்று முதல் மூன்று மணிநேரம் வரை கடும் பயிற்சி செய்வோருக்கு, ஒரு கிலோகிராம் எடைக்கு 6 முதல் 10 கிராம் வரை தேவைப்படும். மாவுச்சத்து குறைந்தால், உண்ட புரதத்தின் ஒரு பகுதி தசையாகாமல் எரிபொருளாகச் செலவாகிவிடும்.

கொழுப்பு: ஒரு கிராமில் 9 கிலோகலோரி உள்ளதால், வயிறு நிறைந்துவிடும் வீரர்களுக்கு இது பயனுள்ளது. நிலக்கடலை, எள், தேங்காய், மீன் ஆகியவை நல்ல மூலங்கள்.

இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) ஆகியவை பதின்ம வயதினருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இன்றியமையாதவை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

57 கிலோகிராம் எடையுள்ள ஒரு வீரர் 60 கிலோகிராம் பிரிவுக்கு மாற விரும்புவதாகக் கொள்வோம். அவரது எடை நாளொன்றுக்கு 2600 கிலோகலோரியில் மாறாமல் நிற்கிறது எனில், இலக்கு 3000 கிலோகலோரி ஆகும்.

* புரதம் 105 கிராம் x 4 = 420 கிலோகலோரி
* கொழுப்பு 85 கிராம் x 9 = 765 கிலோகலோரி
* எஞ்சிய 1815 கிலோகலோரி ÷ 4 = ஏறத்தாழ 454 கிராம் மாவுச்சத்து

3 கிலோகிராம் கூட 6 முதல் 12 வாரங்கள் ஆகும். எனவே இம்முயற்சி போட்டிகள் இல்லாத காலத்தில் தொடங்கப்பட வேண்டும். வாரந்தோறும் ஒரே நாளில், காலையில், வெறும் வயிற்றில் எடை பார்த்து, இரண்டு வாரங்கள் மாற்றம் இல்லையெனில் உணவைச் சற்றுக் கூட்டலாம். உணவுடன் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் எடைப் பயிற்சியும், போதிய உறக்கமும் தேவை.

துணைப்பொருட்கள்

புரத மாவு என்பது உணவின் செறிவான வடிவமே. வழக்கமான உணவில் போதிய புரதம் கிடைப்பின் அது தேவையில்லை. கிரியேட்டின் தடைசெய்யப்பட்ட பொருள் அன்று. எனினும் 18 அகவைக்கு உட்பட்டோர் இதனைத் தவிர்க்குமாறு அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் அறிவுறுத்துகின்றது. "விரைவில் எடை கூட்டும்" என விற்கப்படும் சில தூள்களில், அட்டையில் குறிப்பிடப்படாத ஊக்கமருந்துகள் கலந்திருக்கக்கூடும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி, தம் உடலில் காணப்படும் பொருளுக்கு வீரரே பொறுப்பாவார். அறியாமல் உட்கொண்டது தண்டனையைக் குறைக்கலாமே தவிர, அதை விதிமீறல் அல்ல என்று ஆக்காது.

எடைக் குறைப்பின் தீங்குகள்

எடை கூட்டுவதற்கு மாறாக, நீரைத் தவிர்த்தும் வியர்வையை வெளியேற்றியும் கீழ்ப்பிரிவில் நீடிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. உடல் எடையில் 2 விழுக்காடு அளவுக்கு நீர் குறைந்தாலே செயல்திறன் பாதிக்கப்படலாம். தொழில்முறைக் குத்துச்சண்டையில் பொதுவாக முதல் நாளே எடை பார்க்கப்படுகின்றது. அமெச்சூர் தொடர்களிலோ போட்டியிடும் நாளின் காலையிலேயே எடை பார்க்கப்படுவதால், இழந்த நீரை மீட்க நேரம் மிகக் குறைவு. தலையில் குத்து வாங்கும் விளையாட்டில், நீரிழந்த நிலையில் மேடையேறுவது கூடுதல் இடராகும்.

1997இன் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் விரைவாக எடை குறைக்க முயன்று இறந்தனர். இதன் பின்னர் அங்கு கல்லூரி மல்யுத்தத்தின் எடை விதிகள் மாற்றப்பட்டன. வளரும் பருவத்தில் நெடுநாள் குறைவாக உண்பது எலும்பு வலிமையையும் வளர்ச்சியையும் பாதிக்கும். பெண்களில் மாதவிடாய் நின்றுபோகவும் செய்யும்.

மேரி கோம்

பிரிவு மாற்றத்திற்கு மணிப்பூரைச் சேர்ந்த மேரி கோம் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாவார். இவர் 2010 வரை 45, 46, 48 கிலோகிராம் பிரிவுகளில் ஐந்து முறை உலக வாகையர் பட்டம் வென்றிருந்தார். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது 51, 60, 75 கிலோகிராம் பிரிவுகள் மட்டுமே இருந்தன. எனவே இவர் 51 கிலோகிராம் பிரிவுக்கு மாறினார். அரையிறுதியில் தம்மைவிட உயரமான பிரித்தானிய வீராங்கனை நிக்கோலா ஆடம்சிடம் 6-11 என்ற புள்ளிகளில் தோற்று வெண்கலப் பதக்கம் பெற்றார். 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் அதே 51 கிலோகிராம் பிரிவில் தங்கம் வென்றார். 2018இல் 48 கிலோகிராம் பிரிவுக்குத் திரும்பி ஆறாவது உலகப் பட்டத்தை வென்றார்.

எடையைக் கூட்டலாம், உயரத்தையும் கை நீளத்தையும் கூட்ட முடியாது. ஆகவே மேல்பிரிவுக்குச் செல்லும் வீரர் உணவுத் திட்டத்துடன் ஆட்ட முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்க

* குத்துச்சண்டை
* மேரி கோம்
* புரதம்
* நீரிழப்பு
* ஊக்கமருந்து