முன்னோடிப் பேப்பர்

உயர்தரம் எடுத்து முடிச்சுக் கன காலம் போனாலும் எங்கட வீடுகளில் ஒரு பேப்பர்க் கட்டு எறியாமல் கிடக்கும். பாதி பாஸ்ட் பேப்பர். மிச்சம் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தாள்களும் மொறட்டுவைப் பொறியியல் பீடத் தமிழ் மாணவர்கள் நடத்தும் முன்னோடிப் பரீட்சைத் தாள்களும். உண்மையான சோதனைக்கு முன்னம் ஒரு பொய்ச் சோதனை. அதுக்கு ஏன் எங்கட ஆக்கள் இவ்வளவு மினக்கெட்டார்கள்?

எழுபதுகளின் தொடக்கத்தில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் போகச் சிங்கள மொழிமூல மாணவர்களுக்கு 400க்கு 227 புள்ளி காணும். தமிழ் மொழிமூலத்துக்கு 250 வேண்டும். பிறகு தரப்படுத்தல், 1974இல் மாவட்டக் கோட்டா. கோட்டாவை மட்டும் திட்டிக்கொண்டிருப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. இண்டைக்கு முல்லைத்தீவிலும் மன்னாரிலும் இருந்து கம்பஸ் போகிற பிள்ளைக்கு அதுதான் வழி. ஆனால் ஒரு புள்ளியில் வாழ்க்கை திரும்பும் என்ற பயம் அந்தக் காலத்தில்தான் எங்கட வீடுகளுக்குள் வந்து குந்திக்கொண்டது. 2001இல் இசட் புள்ளி வந்தபோது அது நாலு தசமதானம் வரை போய்விட்டது.

இந்தப் பயத்துக்கு முன்னால் பாடம் தெரிந்தால் மட்டும் போதாது. பௌதிகவியல் பல்தேர்வு 50 கேள்வி, இரண்டு மணித்தியாலம். ஒரு கேள்விக்கு இரண்டரை நிமிசம்கூட இல்லை. எந்தக் கேள்வியை விட்டிட்டுப் போறது என்று எந்தப் புத்தகமும் சொல்லித்தராது. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு எழுதித்தான் பழகவேணும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் அப்படித்தான் பழகினார்கள். 1995 ஒக்டோபர் இடம்பெயர்வில் உடுப்பை விட்டிட்டுப் பேப்பர்க் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களின் கதையும் கேட்டிருக்கிறோம். (2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் நின்றபோது வீட்டில் பெரியாக்கள் சிரிச்சது ஏனெண்டு அப்பதான் விளங்கிச்சு.)

ஆனால் எங்களுக்குள் ஒரு ஆள் முன்னோடியில் இரசாயனவியலுக்கு 38 எடுத்தான். விடைத்தாளை ஒருத்தருக்கும் காட்டவில்லை, தானும் பார்க்கவில்லை. வகுப்பில் எல்லாரும் கேட்டது எத்தனையாம் இடம் என்றுதான். மாசக்கணக்காகப் பிறகு திறந்து பார்த்தால், திருத்திய அண்ணாவோ அக்காவோ ஒவ்வொரு பிழைக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் படிமுறை எழுதியிருக்கினம். மூன்று பிழையும் ஒரே இடம்: மூல் கணிப்பு. கம்பஸில் தன்ர சோதனையையும் வைச்சுக்கொண்டு முகம் தெரியாத ஒருத்தனுக்காக ஒரு ஆள் இரவிருந்து எழுதினது அது.

இப்ப வினாத்தாளும் புள்ளியிடும் திட்டமும் போனிலேயே பி.டி.எப். ஆக வருகுது. மலையகத்தில் விஞ்ஞான ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் அது கிடைக்கும். எழுதி முடிச்ச தாளை அந்தப் பிள்ளை ஆரிட்டக் குடுக்கிறது?