ஸ்டாண்டர்டு ஹெரால்டு: சென்னையில் உருவான காரும் அதைப் பேணுவதும்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961 முதல் 1971 வரை சென்னையில் தயாரிக்கப்பட்ட சிறிய கார். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்துக்கொள்ள விரும்பும் தமிழ்நாட்டவருக்கு உள்நாட்டிலேயே கிடைக்கும் நெருங்கிய உறவு இது. வாங்கலாமா, வேண்டாமா என்ற கேள்விக்கு, விற்பவர் கேட்கும் விலையைவிட இக்காரின் வரலாறே தெளிவான விடை தருகிறது.

தோற்றம்

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனம் 1959இல் டிரையம்ப் ஹெரால்டை வெளியிட்டது. இதன் உடலை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அன்றைய புதிய கார்கள் பலவற்றில் உடலும் சட்டகமும் ஒன்றாகவே அமைந்தன. ஹெரால்டுக்கோ தனிச் சட்டகம் இருந்தது. உடல் பகுதிகள் அதன்மேல் போல்ட் கொண்டு பொருத்தப்பட்டன. இதே சட்டகத்தின் நீளத்தைக் குறைத்துத்தான் 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் உருவாக்கப்பட்டது.

சென்னையில்

கல்கத்தாவில் அம்பாசிடரும் பம்பாயில் ஃபியட்டும் உருவான காலத்தில், சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் ஹெரால்டைத் தயாரித்தது. வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால், வேகத்தை விரும்பியவர்கள் கையில் இருந்த காரையே மாற்றியமைத்தனர். இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. இங்கிலாந்தில் எஞ்சின் பெரிதாக்கப்பட்டபோதும், இந்திய ஹெரால்டில் 948 சிசி எஞ்சினே தொடர்ந்தது. 1971க்குப் பின் இதன் இடத்தில் கெஸல் வந்தது. அதுவும் 1977இல் நின்றது.

உதிரிபாகங்கள்

இந்த எஞ்சின் குடும்பம் ஸ்பிட்ஃபயரில் 1980 வரை பயன்பட்டது. அதனால் எஞ்சின் பாகங்கள் பலவற்றை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். உடல் பாகங்களின் நிலை வேறு. 1960களின் பிற்பகுதியில் இந்தியாவில் மட்டும் நான்கு கதவு ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் இரண்டு கதவு வகையே இருந்தது. ஆகவே நான்கு கதவு வண்டியில் ஒரு கதவு துருப்பிடித்துப் போனால், மாற்றுக் கதவு இன்னொரு பழைய இந்திய ஹெரால்டிலிருந்துதான் வரவேண்டும். எஞ்சின் ஓடாத வண்டியைவிட உடல் பாகம் குறைந்த வண்டியே வாங்குபவருக்குப் பெரிய சுமை.

முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டான டிரன்னியனுக்குக் கிரீஸ் அல்லாமல் கெட்டியான கியர் எண்ணெய் இடவேண்டும். இதைத் தவறவிட்டால் மூட்டு தேய்ந்து, சக்கரமே சரிந்துவிடலாம். வேகமாகத் திரும்பும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டெனக் காலை எடுத்தால், பின்சக்கரம் உள்மடிந்து வண்டி நிலைதடுமாறும் இயல்பும் இதற்கு உண்டு.

எரிபொருளும் காற்றும்

2000ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளைத் தேய்மானத்திலிருந்து காத்தது அந்த ஈயம்தான். எனவே கடினமான வால்வு இருக்கைகள் பொருத்தப்பட்டுள்ளனவா என்று பார்க்கவேண்டும். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும், அவற்றையும் மாற்றியாகவேண்டும்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட செம்மங்குப்பம் போன்ற பகுதிகளில் உப்புக்காற்றும் வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் சேர்ந்து இரும்பைத் தின்கின்றன. இங்கே காரைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் உறையால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். காற்றோட்டமான கூரையும், சட்டகத்தின் அடிப்பகுதிக்குத் துருத்தடுப்புப் பூச்சும் பளபளப்பான வண்ணத்தைவிட முதன்மையானவை.

சட்டம்

2021இல் நடுவண் அரசு கொண்டுவந்த விதிகளின்படி, பெரிய மாற்றம் செய்யப்படாத, 50 ஆண்டு கடந்த வாகனங்களைத் தொன்மை வாகனமாகப் பதியலாம். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய். அது 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு இடமில்லை. சோழவரத்துக் கார்களைப்போல் மாற்றியமைக்கப்பட்ட வண்டிக்கு இப்பதிவு கிடைப்பதும் கடினம்.

முடிவெடுத்தல்

சட்டகம் உறுதியாக, உடல் பாகங்கள் முழுமையாக, ஆவணங்கள் சரியாக இருந்து, பழைய கார்புரேட்டரைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்கும் அருகில் இருந்தால் ஹெரால்டை வாங்கலாம். வாங்கும் விலையைத் தவிர, பழுதுபார்ப்புக்கென்று தனியாகப் பணம் ஒதுக்க முடியாதவர் வாங்காமல் விடுவதே காருக்கும் நல்லது. சென்னைத் தொழிற்சாலையிலிருந்து இனி ஒரு ஹெரால்டும் வரப்போவதில்லை. பாதி பிரித்துப்போட்டுக் கொட்டகையில் கைவிடப்படும் ஒவ்வொரு வண்டியோடும் மிஞ்சியிருக்கும் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது.