பந்துக்குத் தீட்டில்லை, கோப்பைக்கு உண்டு

தோழர்களே, குன்னூரில் நாம் கிள்ளும் கொழுந்து ஊரெல்லாம் தேநீராகிறது. பூனாவிலோ, சமார் சாதியில் பிறந்த பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலுவுக்குச் சொந்த அணியினரே பெவிலியனுக்கு வெளியே, தனி மண்குவளையில்தான் தேநீர் கொடுத்தார்கள். அவர் தொட்ட பந்தை மட்டும் எல்லோரும் தொட்டார்கள்!

பாலுவும் தம்பி சிவராமும் ஒரே இரண்டு அணிகளுக்கு ஆடியவர்கள்: பம்பாயின் இந்துக்கள் அணி, 1911இல் இங்கிலாந்து சென்ற அகில இந்திய அணி. 1906இல் இந்துக்கள் ஐரோப்பியரை வீழ்த்தியபோது இருவரும் களத்தில் இருந்தார்கள். இங்கிலாந்துப் பயணத்தில் பாலு சாய்த்த விக்கெட்டுகள் 114.

ஆனாலும் இந்துக்கள் அணி அவரைக் கேப்டனாக்கவில்லை. 1920இல் தலைமைத் தேர்வில் சாதி புகுந்ததும் சிவராமும் இளைய தம்பி விட்டலும் பகிரங்கமாக எதிர்த்து அணியிலிருந்து விலகினார்கள். 1923இல் அதே அணிக்கு விட்டல் கேப்டன்.