விலையிலிருந்து ஆரம்பிக்காதீங்க: பிளாக்செயின் வந்த கதை (இழை)

ஊரப்பாக்கத்துல மனை வாங்குறவங்க முதல்ல கேக்குறது வில்லங்கச் சான்று. யார்கிட்ட இருந்து யாருக்குப் போச்சுன்னு வரிசையா இருக்கும். பிளாக்செயினையும் அங்கிருந்துதான் சொல்லித் தரணும்.

1991-ல் ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற இரண்டு ஆய்வாளர்களின் கவலை வேற: கணினி ஆவணத்துல தேதியை யாரும் பின்னால மாத்தாம எப்படிக் காப்பது? ஒவ்வொரு பதிவுக்குள்ளும் முந்தைய பதிவோட கைரேகையை வெச்சாங்க. நடுவுல ஒண்ணைத் திருத்தினா, அடுத்து வர்றதெல்லாம் காட்டிக்கொடுத்துடும். (கேஸ் ஷீட் எழுதுற எங்களுக்கு இதோட அருமை தெரியும்!)

கவனிங்க, இதுல காயினே இல்லை. 2008-ல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வந்த 9 பக்கக் கட்டுரைதான் இதைப் பணமாக்கியது. அதன் 8 மேற்கோள்களில் 3 இவங்களோடது.

இந்தியாவில்? 2018 ஏப்ரலில் வங்கிகள் கிரிப்டோ பக்கமே போகக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொன்னது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-லிருந்து லாபத்துக்கு 30% வரி.

"வரி போட்டாச்சே, அப்ப அரசு அங்கீகாரம்தானே டாக்டர்?"னு கேக்குறாங்க. இல்லைங்க. வரி வேற, உத்தரவாதம் வேற.

இன்னொண்ணு. சங்கிலி பதிவை மாத்த விடாது, அவ்வளவுதான். பதிஞ்சது நிஜமான்னு அதுக்குத் தெரியாது. வில்லங்கச் சான்றும் பத்திரம் போலியான்னு சொல்லாதே! மாசம் இத்தனை சதவீதம்னு வாட்ஸ்அப்ல வர்ற காயின் பலதுல அந்தச் சங்கிலிகூட கிடையாது.