‘புயல்’ என்னும் நீர்மூழ்கி

போர்க்கப்பலைச் செலுத்துபவர் ஒருவர். அதன் வரலாற்றை எழுதுபவர் மற்றொருவர் என்பதே பெரும்பாலும் உலக வழக்கு. கலம் கடந்த தொலைவையும் மூழ்கடித்த கப்பல்களின் எண்ணிக்கையையும் அரசு ஆவணங்கள் காத்து வைக்கும். அதனுள் இருந்தோர் கொண்ட அச்சத்தை அவை காப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பலான ‘ஸ்டார்ம்’ இவ்வழக்கிற்கு ஒரு விலக்கு எனலாம். ‘புயல்’ எனப் பொருள்படும் பெயருடைய அக்கலத்தின் தலைவர் எட்வர்ட் யங், புத்தக உலகிலிருந்து கடலுக்குச் சென்றவர்.

1935ஆம் ஆண்டு ஆலன் லேன் பென்குயின் மலிவுப் பதிப்புகளைத் தொடங்கியபோது, இலண்டன் விலங்கியல் பூங்காவிற்குச் சென்று பறவைகளைப் பார்த்து அப்பதிப்பகத்தின் முதல் சின்னத்தை வரைந்தவர் யங். அப்போது அவருக்கு வயது 21. போர் மூண்டபின் கடற்படையின் தன்னார்வப் பிரிவில் சேர்ந்த அவர், 1940இல் நீர்மூழ்கிப் பணியைத் தாமே விரும்பி ஏற்றார். 1941 ஜூலையில் அவர் பணியாற்றிய ‘அம்பயர்’ வட கடலில் தம் தரப்புப் படகொன்றுடன் இரவில் மோதி மூழ்கியது. 22 பேர் மாண்டனர். கடலடியில் கிடந்த கலத்தின் கோபுர வழியே வெளியேறி யங் உயிர் தப்பினார். தப்பியவர் மீண்டும் நீர்மூழ்கிக்கே திரும்பினார் என்பது கருதத்தக்கது.

1943 மே மாதம் பர்க்கன்ஹெட் தளத்தில் ‘ஸ்டார்ம்’ நீரில் இறக்கப்பட்டது. 217 அடி நீளமுள்ள அக்கலம் யங்கின் பொறுப்பில் வந்தது. போர்க்களத்தில் இயங்கும் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக்குத் தன்னார்வப் பிரிவு அதிகாரி ஒருவர் தலைமை ஏற்றது அதுவே முதன்முறை. வடதுருவக் கடலில் ஒரு சுற்றுக்காவலை முடித்து, 1944இல் அது திருகோணமலையை அடைந்தது. பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குப் பொருள்கள் கடல்வழியே சென்றன. அவ்வழியை அறுப்பதே அங்கிருந்த நீர்மூழ்கிகளின் பணி. அந்தமான் கடலிலும் மலாக்கா நீரிணையிலும் மெர்குய் தீவுகளிடையேயும் ‘ஸ்டார்ம்’ உலவியது. பகலெல்லாம் நீருக்கடியில் கனத்த காற்றைச் சுவாசித்திருத்தல். இரவில் மேலெழுந்து மின்கலங்களுக்கு மின்னேற்றுதல். கரையோரம் ஊரும் சிறு கலங்களைப் பீரங்கியால் தாக்குதல் என நாள்கள் கழிந்தன. பின்னர் ஆஸ்திரேலியாவின் பிரிமாண்டில் துறையிலிருந்து சென்று, செலிபீஸ் தீவின் போனி வளைகுடாவில் நிக்கல் தாது ஏற்றிய பாய்மரக் கலங்களையும் அது அழித்தது. ஆவணத்தில் இவையெல்லாம் ‘பகைக் கலங்கள்’; பாய் விரித்தவனோ எளிய மாலுமி. போரின் இந்த முரணை எண்கள் சொல்வதில்லை.

1945இல் தாயகம் திரும்பிய ‘ஸ்டார்ம்’ 1949இல் உடைக்கப்பட்டது. யங் பதிப்புத் தொழிலுக்கே மீண்டார். தம் அச்சத்தை மறைக்காது அவர் எழுதிய ‘நம் நீர்மூழ்கிகளுள் ஒன்று’ எனப் பொருள்படும் தலைப்புடைய நூல் 1952இல் வெளிவந்தது. 1954இல் பென்குயின் தன் 1000ஆவது நூலாக அதனையே தேர்ந்து வெளியிட்டது. இளமையில் தாம் வடிவு கொடுத்த பறவை, இடையில் பிறரால் திருத்தி வரையப்பட்டு, தம் நூலின் அட்டையிலேயே வந்து அமர்ந்ததை யங் கண்டார்.

கலத்தின் இரும்பு பழைய இரும்பாயிற்று. அதனுள் வாழ்ந்தோரின் மூச்சு எழுத்தில் நின்றது.